எல்லாக் கலரும் வர்ற ஃபேன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெற்றிவேல் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அங்கே வருகிறவர்கள் இரண்டே வகை. பிரிண்டரில் மை தீர்ந்துபோய் வருகிறவர்கள் ஒரு வகை. பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லிக்கொண்டு, பிள்ளை கைகாட்டுகிற பொருளை வாங்கிப் போகிறவர்கள் இன்னொரு வகை. காக்கிச் சட்டையோடு, தலை நரைத்த பிறகு, தனியாக வந்து, "தம்பி, கேம் ஆடற கம்ப்யூட்டர் ஒண்ணு கட்டணும், எனக்குத்தான்" என்று கேட்டவர் சூசை ஒருவர்தான். அவருக்குப் பின்னால் பையன் யாராவது நிற்கிறானா என்று வெற்றிவேல் எட்டிப் பார்த்தான். ஒரு கிழவி வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

"இன்னா கேம் சார்?"

"பஸ் ஓட்றது."

வெற்றிவேல் காக்கிச் சட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். "சார், நீங்களே பஸ் டிரைவர்தான?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு சார் இது?"

"நீ கம்ப்யூட்டர் கட்டுவியா, இல்ல கேள்வி கேட்டுகினே இருப்பியா?"

கேள்வி நியாயமானதுதான். பதில்தான் சூசையிடம் வெளியே சொல்கிற மாதிரி இல்லை.

சூசை பிறந்தது களமருதூரில். அப்பா அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்தவர். சூசை அந்த நிலத்துக்காரரின் டிராக்டரைத் துடைத்துத் துடைத்தே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு செங்கல் லாரி, மீன் வண்டி, கல்யாண வேன் என்று எதையெல்லாமோ ஓட்டி, கடைசியில் அரசு பஸ்ஸில் ஏறினார். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போகிற வண்டி. அந்த ரூட்டை மற்ற டிரைவர்கள் தண்டனை என்பார்கள். சூசை கேட்டு வாங்கிக்கொண்டார். வளைவுக்கு வளைவு கியரை மாற்றி, கீழே பள்ளத்தைப் பார்த்துப் பயணிகள் கண்ணை மூடிக்கொள்ளும்போது, இவர் மட்டும் ஜெபத்தில் உட்கார்ந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் அடிபட்டது ஒரு கோழி. அதுவும் தானாகப் பறந்து வந்து விழுந்தது என்று இன்றைக்கும் வாதாடுவார்.

அப்பேர்ப்பட்டவரை இப்போது டெப்போ கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிற வண்டிக்குக் கம்பியைத் தூக்குவது, வெளியே போன வண்டிக்குப் பின்னால் இறக்குவது, இதுதான் வேலை. கேட்டால், "முதுகுவலி. ஸ்டீயரிங் புடிக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு" என்பார். முதுகில் ஒன்றுமே இல்லை. கண்ணில்தான் கோளாறு. டெப்போ மேனேஜர் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்ப, அங்கே டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள். "உள்ள என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார். சூசைக்கு ஒரு நம்பரும் தெரியவில்லை, புள்ளிதான் தெரிந்தது. சிவப்பும் பச்சையும் எப்போது ஒன்றோடொன்று கலந்துபோனது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கடைசி ஒன்றிரண்டு வருஷமாக இருக்கலாம். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டி நகர்ந்தால் தானும் நகர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும்? கண்ணு தெரியாதவன் கையிலயா மலை ஏறினோம் என்று கேட்கும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியில் தூங்கியவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதனால் மேனேஜரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முதுகுவலியை வரவழைத்துக்கொண்டார்.

இல்லாத முதுகுவலியை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலையா? எழுந்தால் இடுப்பைப் பிடிக்க வேண்டும், உட்கார்ந்தால் முனக வேண்டும். நேற்று இடப்பக்கம் பிடித்தோமா வலப்பக்கமா என்று ஞாபகம் வைக்க வேண்டும். இடுப்பில் பெல்ட் வேறு. மனைவி பாத்திமா தினமும் சாயங்காலம் வேப்பெண்ணெயைச் சுடவைத்து முதுகில் தேய்த்தாள். அந்த நாற்றத்தில் கேட்டுக்கு வரும் நாய்கூட இவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் ஸ்டீயரிங் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. சோறு சாப்பிடும்போது இடதுகை தானாகக் கியர் மாற்றியது. அப்போதுதான் யாரோ கம்ப்யூட்டரில் நம் ஊர் பஸ்ஸையே ஓட்டுவதைப் போனில் பார்த்தார். அந்த வண்டிக்கு யாரும் கண் பரிசோதனை செய்வதில்லை.

வெற்றிவேல் சொன்ன சாமானுக்கெல்லாம் சூசை சரி சரி என்று தலையாட்டினார். பெரிய கேபினெட், ஸ்டீயரிங், காலுக்குப் பெடல், எல்லாம் சரி. ஃபேனுக்கு வந்தபோதுதான் வினை வந்தது.

"பெரிய கேம் ஓட்டுனா உள்ள சூடு ஏறும் சார். காத்து போய்க்கினே இருக்கணும்" என்று சொல்லி, விரித்த கை அகலத்துக்கு இரண்டு ஃபேனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டான் வெற்றிவேல். இரண்டிலும் விளக்கு எரிந்தது. "இது செவப்பு மட்டும் எரியும். இது பச்சை மட்டும். எது புடிச்சிருக்கு சார்?"

சூசையின் கண்ணுக்கு இரண்டும் முந்தாநாள் புளிக்குழம்பு நிறம்.

"இதுல காத்து எது ஜாஸ்தி?"

"ரெண்டும் ஒரே காத்துதான் சார்."

"உழைப்பு?"

"ஒரே கம்பெனி சார். கலர் மட்டும்தான் வேற. பாத்தா உங்களுக்கே தெரியுதுல்ல?"

"தெரியாம இன்னா, நல்லாத் தெரியுது." சூசை இரண்டையும் முறைத்தார். "எல்லாக் கலரும் வர்ற மாதிரி ஒண்ணு இல்லியா?"

வெற்றிவேலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆர்ஜிபி! சார் விவரமான ஆளுதான். வேணுங்கற கலரை நீங்களே வெச்சிக்கலாம்." சூசையும் விவரமான ஆள் போலச் சிரித்து வைத்தார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்காக மனிதர்கள் என்னென்னவோ வாங்கியிருக்கிறார்கள். நிலம் வாங்கியிருக்கிறார்கள், மாடு வாங்கியிருக்கிறார்கள். சூசை ஆர்ஜிபி ஃபேன் வாங்கினார்.

வாங்கினார் என்றா சொன்னேன்? சொல்லி வைத்தார். அதற்குள் டெப்போவிலிருந்து ஒரு மரியாதை புறப்பட்டு வந்தது.

டெப்போவில் இரண்டு சங்கம். சங்கங்களின் முழுப் பெயரைச் சொன்னால் ஒரு ட்ரிப் முடிந்துவிடும் என்பதால், கொடியை வைத்துச் சிவப்புச் சங்கம், பச்சைச் சங்கம் என்றே எல்லோரும் சொல்வார்கள். சிவப்புக்குச் செயலாளர் டிரைவர் பொன்னுரங்கம். பச்சைக்குச் செயலாளர் மெக்கானிக் ஆல்பர்ட். இருவரும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். யாராவது ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினால் இரண்டு சங்கமும் தனித்தனியாகச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது வழக்கம். ஓய்வு பெற்ற ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு கடிகாரம் இரண்டு நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சூசை இதைச் சொல்லித்தான் கும்பிட்டார். "கடியாரம் வேணாம்பா. வெற்றிவேல் கடையில ஃபேன் சொல்லி வெச்சிகீறேன். ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுங்க, போதும்."

கொடுத்தார்கள். சும்மா கொடுப்பார்களா? பஸ்ஸுக்கு நம்பர் எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிட்டு, ஃபேனின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒவ்வொரு சொல்லாக, சங்கத்தின் பெயரையும் 'அன்பளிப்பு' என்பதையும் கெட்டிப் பெயிண்டில் எழுதி வாங்கிவிட்டார்கள். அதைப் பார்த்த வெற்றிவேல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். விளக்கு வெளிச்சம் வெளியே வருகிற இறக்கை அது. பெயிண்டை அப்பினால் வெளிச்சம் எப்படி வரும், இறக்கை எப்படிச் சமமாகச் சுற்றும்? ஓடவிட்டுப் பார்த்தான். ஓரத்தில் வெளிச்சம் வந்தது. நடுவில் அடைமழைக்கு முந்தின தவளை மாதிரி ஒரு சத்தமும் வந்தது.

பொன்னுரங்கத்துக்கு வேறு கவலை. "யோவ், சுத்தும்போது பேரு தெரியலியே. மெதுவா சுத்த வெக்க முடியுமா?"

"மெதுவா சுத்தினா சூடு போவாது சார்."

"அப்ப நின்னு நின்னு சுத்த வை."

எந்த ஃபேனை எங்கே மாட்டுவது என்பதுதான் அடுத்தது. சூசையின் வீட்டுக் கூடத்தில் கேபினெட்டைத் திறந்துவைத்து, திருப்புளியோடு வெற்றிவேல் உட்கார்ந்திருக்க, இரண்டு சங்கமும் இரண்டு பக்கம் நின்றன. வெற்றிவேல் பொறுமையாகச் சொன்னான். முன்னால் ஒரு ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின்னால் ஒரு ஃபேன் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டால் நியாயமாகப் போய்விடும்.

"பின்னாடி யாரு?" என்றார் ஆல்பர்ட்.

"யாருன்னா... ஃபேன் சார்."

"எங்க சங்கம் வெறும் சூட்டைத் தள்ளறதுக்குதான் லாயக்குன்றியா?"

அங்கே மூன்றாவதாக ஒருவர் இருந்தார். காசிநாதன், சூசையின் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். சண்டை வேண்டாம் என்பதற்காக இரண்டு சங்கத்திலும் உறுப்பினராக இருக்கிற மனிதர். அவர் தன் பங்குக்கு ஒரு ஃபேன் வாங்கி வந்திருந்தார். அதில் பெயர் ஒன்றும் எழுதவில்லை. "கண்டக்டரு எடம் பின்படிதான். என்னுத பின்னாடி மாட்டு தம்பி" என்றார். வெற்றிவேல் அவரைக் கோயிலில் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

பின்னால் தீர்ந்தது. முன்னால் சிவப்பு மேலேயா, பச்சை மேலேயா? நிற்கிற கேபினெட்டில் ஒன்று மேலேதான் இருக்கும், மற்றது கீழேதான் இருக்கும். இதற்கு மேல் விஞ்ஞானத்தில் வழி இல்லை என்று வெற்றிவேல் கைவிரித்தான். ஆல்பர்ட் மெக்கானிக் அல்லவா, எழுந்து வந்து கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டார். இப்போது இரண்டு ஃபேனும் ஒரே மட்டம். நடுவில் ஒரு ஃபேன் போடுகிற இடம் காலி. இரண்டு நாட்டுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் விடுவது போல அதை அப்படியே விட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்தே இருக்கிறது.

"கலரையும் வெச்சிட்டுப் போ தம்பி" என்றார் சூசை, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வெற்றிவேலிடம்.

"ஐயோ சார், சங்க விஷயத்துல நான் கை வெக்க மாட்டேன். ரொம்ப ஈஸி. ஃபேன் படத்தைத் தொட்டா ஒரு சக்கரம் வரும், சக்கரத்துல வேணுங்கற கலரைத் தொட்டா எரியும். கொழந்தகூடப் பண்ணும்." ஓடியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் திறப்பு விழாவுக்கு வருவதாக ஏற்பாடு. பொன்னுரங்கத்தின் ஃபேன் சிவப்பாக எரிய வேண்டும், ஆல்பர்ட்டின் ஃபேன் பச்சையாக எரிய வேண்டும். சங்கத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சூசை தனியாக உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைத் திறந்தார். வாழ்நாள் முழுக்கச் சக்கரம் பிடித்தவர், இந்தச் சக்கரத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் விழித்தார். நீலம் தெரிந்தது. மஞ்சள் தெரிந்தது. மற்றதெல்லாம் புளிக்குழம்பு. எதையோ தொட்டார்.

"பாத்திமா, இங்க கொஞ்சம் வா. இந்தக் கலர் உனக்குப் புடிச்சிருக்கா?"

பாத்திமா ஈரக்கையோடு வந்து பார்த்தாள். "நல்லாதாங்க கீது."

"நல்லாகீதுன்னா? எது மாதிரி கீது?"

"லைட்டு மாதிரி கீது."

சூசை பல்லைக் கடித்துக்கொண்டார். "தக்காளி மாதிரின்னு சொல்லலாமா?"

"தக்காளின்னா பழமாங்க, காயா?"

இதற்குமேல் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவளை அனுப்பிவிட்டார். பிறகு கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டு, சக்கரத்தில் இரண்டு இடத்தைத் தொட்டு, மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்தது. பாத்திமா போண்டா சுட்டாள். டெப்போ வழக்கப்படி புது வண்டி என்றால் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும் என்று பொன்னுரங்கம் பழத்தோடு வந்திருந்தார். "இது நவராதே, எப்படி நசுக்கறது?" என்று ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு ஆல்பர்ட் ஒரு பக்கமும் பொன்னுரங்கம் ஒரு பக்கமும் கேபினெட்டைத் தூக்கி, கீழே பழத்தை வைத்து, 'ஹோ' என்று இறக்கினார்கள். இரண்டு சங்கமும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். சாறு போண்டாத் தட்டில் தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சூசை இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்து சுவிட்சைப் போட்டார்.

ஃபேன்கள் சுற்றின. தவளைகள் கத்தின. பச்சைச் சங்கத்தின் ஃபேன் சிவப்பாக எரிந்தது. சிவப்புச் சங்கத்தின் ஃபேன் பச்சையாக எரிந்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. சூசைக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. பிரமித்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தார். "எப்படி கீது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டார்.

"இன்னாய்யா இது?" என்றார் பொன்னுரங்கம். "என் ஆளுங்கல்லாம் பச்சைக்குத் தாவப் போறாங்கன்னு சொல்ல வர்றியா?"

"யாரு ஆளு யாருகிட்ட வர்றது? எங்களைச் சிவப்பாக்கிட்டு நீ பேசறியா?" என்றார் ஆல்பர்ட். "இது திட்டம் போட்டுப் பண்ணது. கேட்டுல உக்காந்துகினு எல்லாத்தையும் பாத்துகினு இருந்திருக்கான்யா இந்த மனுசன்."

"நான் இன்னா பண்ணேன்?" சூசைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு! மாத்துய்யா! ரெண்டையும் மாத்து!"

அப்போதுதான் விஷயம் சூசைக்கு உறைத்தது. ஸ்க்ரீனில் சக்கரத்தைத் திறந்து ஓரிடத்தைத் தொட்டார். இப்போது இரண்டு ஃபேனும் பச்சையாக எரிந்தன. ஆல்பர்ட்டின் ஆட்கள் இருவர் விசிலடித்தார்கள். பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை உதறினார். சூசை மறுபடியும், இந்தமுறை இரண்டு ஃபேனுக்கும் தொட்டார். இரண்டும் சிவப்பு. இப்போது ஆல்பர்ட் துண்டைத் தேடினார், அவரிடம் துண்டு இல்லை, சூசையின் துண்டை எடுத்து உதறினார்.

"இவரை ஏன் கேக்கறீங்க?" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "கடைக்காரப் பையன்தான் மாத்திக் கட்டியிருப்பான்."

அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வெற்றிவேல் எந்தச் சங்கமும் இல்லை. பொன்னுரங்கம் அப்போதே போனை எடுத்தார். "கடையில இருக்கறயா? இரு, எங்கயும் போயிடாத, வந்துகினே இருக்கோம்." இரண்டு சங்கமும் செருப்பை மாட்டின. எலுமிச்சம்பழத்துக்கு அப்புறம் இரண்டாவது ஒற்றுமை.

சூசை சும்மா இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், பழி தானாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோயிருக்கும். ஆனால் அந்தப் பையன் மூன்று ஃபேனையும் மாட்டும்போது திருப்புளியால் விரலில் கிழித்துக்கொண்டு, ரத்தத்தைப் பேண்டில் துடைத்துக்கொண்டு மாட்டினான். அது அவர் கண்ணெதிரே வந்தது.

"அந்தத் தம்பி ஒண்ணும் பண்ணல" என்றார். "நான்தான் வெச்சேன். எனக்கு செவப்பும் பச்சையும் தெரியாது. கண்ணு அப்படி ஆயிடுச்சு. அதான் வண்டியிலேருந்து எறக்குனாங்க."

யாரோ போண்டாவை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"அப்ப முதுகு?" என்றாள் பாத்திமா, அடுப்படி வாசலில் இருந்து.

"முதுகு நல்லாதான் கீது."

"தினம் தேச்சனே!" அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "என் கையெல்லாம் வேப்பெண்ணெ நாத்தம் போவலியே!"

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வருத்தப்பட வேண்டிய நேரத்தில் ஒருத்தர் தன் சட்டையை இழுத்துக் காட்டி, "இது இன்னா கலரு?" என்றார். இன்னொருத்தர் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கினார். ஒருத்தர் தோட்டத்துக்கு ஓடி ஒரு மிளகாய்ப் பழத்தையும் ஒரு பச்சை மிளகாயையும் பறித்து வந்து மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாக்காம சொல்லணும்!" சூசை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றிரண்டு சரியாகவும் இருந்தது. சரியாகச் சொன்னபோது, "தெரியுதே!" என்று சண்டைக்கு வந்தார்கள்.

பொன்னுரங்கம் மட்டும் எதையும் காட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"யோவ் சூசை. எங்க பொண்ணு தமிழ்மொழி மூணு வருசம் உன் வண்டியிலதான் காலேஜ் போச்சு. தினம். முன்சீட்டுல."

எந்தக் கேள்விக்குப் பயந்து பெல்ட் கட்டினாரோ அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"அதுக்கு நான் இருந்தேன்ல" என்றார் காசிநாதன்.

எல்லோரும் திரும்பினார்கள். காசிநாதன் சூசையைப் பார்க்காமல், தரையில் நசுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குத் தெரியும். கடைசி ஒரு வருசமா தெரியும். நாலுமுனை சிக்னல்ல பச்சை வுழுந்தா ரெண்டு விசில் அடிப்பேன். செவப்பு வந்தா தூரத்துலயே ஒரு விசில். சூசண்ணன் நிறுத்திடும்."

"அது ஆளு எறங்கறதுக்குன்னு நெனச்சேன்டா" என்றார் சூசை.

"சிக்னல்ல எவன் அண்ணா எறங்குவான்?"

"தெரிஞ்சும் ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். மாமனார் காரியத்துக்கு லீவு போட்டன்ல. அங்க சோறு எறங்கல. வேற கண்டக்டரு போயிருக்கான், அவனுக்குத் தெரியாதே, விசில் அடிக்க மாட்டானேன்னு அங்கயே உக்காந்துகினு இருந்தேன். வந்த உடனே மேனேஜர் ரூமுக்குப் போனேன். முறை வர்றதுக்கு முன்னாடி உன்னைக் கண்ணு டெஸ்டுக்கு ஏன் அனுப்புனாங்கன்னு நீ யோசிக்கவே இல்லியா? நான்தான் அண்ணா சொன்னேன்."

கூடத்தில் தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பாத்திமா எட்டிப் போய் ஃபேன் சுவிட்சை அணைக்கப் பார்த்து, எது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

சூசைக்கு ஆத்திரம் வந்தது. ஒரே டப்பாவில் சோறு தின்றவன். தன்னைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டு, தினமும் அந்தக் கேட்டைத் தாண்டி, "அண்ணா முதுகு எப்படி கீது?" என்று கேட்டுவிட்டுப் போனவன். அடிக்கலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மாமனார் பிணம் போன வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சோற்றைப் பிசையாமல், இங்கே கள்ளக்குறிச்சியில் ஒரு சிக்னலை நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனின் முகம். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னுரங்கத்தைப் பார்த்தார். அவர் காசிநாதனின் தோளில் கை வைத்திருந்தார்.

சூசை இடுப்பு பெல்ட்டைக் கழற்றிப் பாத்திமாவிடம் கொடுத்தார். நிமிர்ந்து நடந்துபோய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கேமைத் திறந்தார். ஸ்க்ரீனில் ஏதோ ஒரு ஊர், ஒரு பஸ். யாரும் சொல்லாமலே எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஃபேன் இரண்டும் எந்தக் கலரில் எரிகிறது என்று ஆல்பர்ட்கூடப் பார்க்கவில்லை. காசிநாதன் மட்டும் சுவரோரமாக நின்றார்.

வண்டி கிளம்பியது. இரண்டு தெரு தாண்டியதும் ஒரு நாலு ரோடு, சிக்னல். முன்னால் வண்டி எதுவும் இல்லை. சூசை பிரேக்கை மிதித்து நிறுத்தினார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் வண்டிகள் ஹாரன் அடித்தன. பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஆல்பர்ட் அவர் தொடையில் தட்டி அடக்கினார்.

சூசை திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்ப்பது போல ஸ்க்ரீனின் மூலையைப் பார்த்துக்கொண்டு, "யோவ் கண்டக்டரு" என்றார்.

காசிநாதனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. விசிலை எடுக்கவில்லை.

"பச்சை அண்ணா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சூசை வண்டியை எடுத்தார்.